கேவிஎம் இல்லாத கணினியில் உங்கள் விஎம் ஸ்கிரிப்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

விஎம் ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்கள். ஐகானைத் தட்டினால் லினக்ஸ் விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஒன்று திறக்கும். உங்கள் மடிக்கணினியில் சில நொடிகளில் லாகின் திரை வந்துவிடுகிறது. அதே ஸ்கிரிப்டை நண்பரிடம் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. புரியாத ஒரு வரியைக் கக்கிவிட்டு நின்றுபோகிறது. அல்லது திறக்கிறது, ஆனால் லாகின் திரை வருவதற்குள் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாவதுதான் மோசம். முதல் ஆளுக்குப் பிரச்சினை இருப்பதாவது தெரிகிறது. இரண்டாவது ஆள் உங்கள் விஎம்மே இவ்வளவுதான் போலிருக்கிறது என்று மூடிவைத்துவிடுவார்.

இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வன்பொருள் முடுக்கம், அதாவது விஎம்மின் கட்டளைகளை ப்ராசசரே நேரடியாக ஓட்டும் வசதி, கிடைக்கவில்லை. அது கிடைக்காதபோது விஎம் ஓட்டும் மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். லினக்ஸும், அதில் அந்த வசதியைத் தரும் கேவிஎம்மும்தான் முக்கியக் களம். விண்டோஸும் மேக்கும் இடையிடையே வரும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி

விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ், கணினி முழுவதும் தன்னுடையது என்ற நினைப்பில் கட்டளைகளை விடுகிறது. அவற்றில் பெரும்பகுதி கூட்டல், கழித்தல், நினைவகத்தில் படிப்பது, எழுதுவது போன்ற சாதுவான வேலைகள். சில மட்டும் கணினியின் அதிகாரத்தைத் தொடுபவை. அந்தச் சிலவற்றை இடைமறிக்க முடிந்தால் போதும், மற்றவற்றை ப்ராசசரிலேயே நேரடியாக ஓடவிடலாம். 1974-இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் எழுதிய கட்டுரை இதை நிபந்தனையாகவே வரையறுத்தது.

நம் மேசைகளில் இருக்கும் எக்ஸ்86 குடும்பம் வெகுகாலம் அந்த நிபந்தனைக்கு அடங்கவில்லை. அதன் சில கட்டளைகள் அதிகாரம் இல்லாத இடத்தில் ஓடினால் பிழை எழுப்பாது. சத்தமில்லாமல் வேறு விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இடைமறிக்க எதுவும் கையில் சிக்காது. 1999-இல் வொர்க்ஸ்டேஷனை வெளியிட்ட விஎம்வேர், அந்தக் கட்டளைகளை ஓட்டத்தின் நடுவே மாற்றி எழுதித்தான் சமாளித்தது. 2005 நவம்பரில் இன்டெல் விடி-எக்ஸும், 2006-இல் ஏஎம்டி-வியும் வந்தபிறகு ப்ராசசரே இடைமறிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டது. லினக்ஸில் அந்த வசதியைத் திறந்துவிடும் கேவிஎம், 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 கெர்னலில் சேர்ந்தது.

கேவிஎம் இல்லாவிட்டாலும் க்யூஎமு ஓடும். டிசிஜி என்ற அதன் மொழிபெயர்ப்பு எந்திரம், கெஸ்ட் ஓஎஸ்ஸின் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) கட்டளைகளைத் துண்டு துண்டாக எடுத்து, இந்த ப்ராசசருக்குப் புரியும்படி மாற்றி எழுதி ஓட்டும். வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம், சில வேலைகளில் அதைவிடவும் குறையும். இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் க்யூஎமு பொதுவாக எடுத்துக்கொள்வது டிசிஜியைத்தான். கேவிஎம் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். "என் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறது" என்று வருபவர்களில் பலர் அதைக் கேட்காமலே விட்டவர்கள்தான்.

முதல் படி: எந்தக் காரணம் என்று பிரித்துப் பாருங்கள்

"முடுக்கம் இல்லை" என்ற ஒரே வரிக்குப் பின்னால் ஐந்தாறு வேறு வேறு கதைகள் இருக்கும். காய்ச்சல் என்றால் டைபாய்டா, டெங்குவா என்று பார்ப்பதுபோல இங்கேயும் பார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ப்ராசசரிலேயே வசதி இல்லாமல் இருக்கலாம். 2008 வாக்கில் வந்த நெட்புக்குகளில் இருந்த இன்டெல் ஆட்டம் என்270 அப்படிப்பட்டது. அந்தக் காலத்து மலிவு மாடல்கள் பலவற்றில் விடி-எக்ஸ் கிடையாது. இதற்கு மருந்தே இல்லை. ஆனால் இன்றைக்கு இப்படிப்பட்ட கணினி கையில் வருவது அபூர்வம்.

ப்ராசசரில் வசதி இருந்தும் பயாஸில் (ஓஎஸ் ஏறுவதற்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்பு) அணைத்து வைத்திருக்கலாம். நான் பார்த்தவரை அதிகம் அகப்படுவது இதுதான்.

கேவிஎம் மாட்யூல் (கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் துண்டு) ஏறாமல் இருக்கலாம். இன்டெலுக்கு கேவிஎம்-இன்டெல், ஏஎம்டிக்கு கேவிஎம்-ஏஎம்டி என்று தனித்தனி மாட்யூல்கள் உண்டு. கெர்னலைத் தாங்களே தொகுத்துக்கொள்பவர்களுக்கும், சர்வருக்காகச் செதுக்கிய கெர்னல் வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரும்.

எல்லாம் இருந்தும் பயனருக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். டெபியன், உபுண்டு வகையறாக்களில் டெவ் கோப்புறையிலுள்ள கேவிஎம் கோப்பு, கேவிஎம் என்ற குழுவுக்குச் சொந்தமானது. அந்தக் குழுவில் பெயர் இல்லாதவருக்குக் கதவு திறக்காமல் போகலாம்.

வேறொரு மென்பொருள் அந்த வசதியைப் பிடித்துவைத்திருக்கலாம். ஒரு கணினியில், விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸும் கேவிஎம்மும் ஒரே நேரத்தில் விடி-எக்ஸைக் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். லினக்ஸ் 6.12 கெர்னலிலிருந்து இது இன்னும் கூர்மையாகிவிட்டது. முன்பெல்லாம் கேவிஎம் முதல் விஎம்மைத் திறக்கும்போதுதான் வசதியைக் கையில் எடுக்கும். இப்போது மாட்யூல் ஏறும்போதே எடுத்துக்கொள்கிறது. கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் விர்ச்சுவல்பாக்ஸ் திறக்க மறுத்தால், பழி பெரும்பாலும் இதன்மேல்தான்.

கடைசியாக, கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் (விஎம்மைத் தாங்கும் கணினி) வேறு வேறு இனமாக இருக்கலாம். எம்1 சிப் வைத்த மேக்கில் எக்ஸ்86 விண்டோஸையோ, இன்டெல் கணினியில் ராஸ்பெர்ரி பையின் ஏஆர்எம் ஓஎஸ்ஸையோ ஓட்டினால், முடுக்க வசதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உதவாது. நேரடியாக ஓடவிடுவதற்கு முதலில் ஒரே பாஷை பேச வேண்டுமே. இதில் பழுது எதுவும் கிடையாது, பயனரை பயாஸுக்குள் அனுப்பி அலைக்கழிக்காதீர்கள்.

நம் கணினியே ஒரு விஎம்மாகவோ கண்டெய்னராகவோ இருப்பது தனிக் கதை. வாடகை சர்வர்கள் பலவற்றில் உள்ளுக்குள் இன்னொரு விஎம் ஓட்ட அனுமதி இருக்காது. டாக்கர் கண்டெய்னர் என்றால், கேவிஎம் கோப்பை டிவைஸாக உள்ளே கொடுத்துத் தொடங்கினாலே போதும், மற்றபடி கணினியில் குறை இருக்காது.

இரண்டாம் படி: யூகிக்காதீர்கள், திறந்து பாருங்கள்

புதிதாக எழுதுபவர்கள் வழக்கமாக ப்ராக் கோப்புறையில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பைப் படித்து, விஎம்எக்ஸ் (இன்டெல்) அல்லது எஸ்விஎம் (ஏஎம்டி) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் முடுக்கம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று முடிவுகட்டுவார்கள். இரண்டு பக்கமும் தவறலாம்.

சொல் இருந்தும் மாட்யூல் ஏறாமலோ அனுமதி இல்லாமலோ இருக்கலாம். சொல் இல்லாதபோதும் ப்ராசசர் மேல் குற்றம் இல்லாமல் இருக்கலாம். இன்டெல் கணினிகளில் 5.6 கெர்னலிலிருந்து, பயாஸ் அணைத்து வைத்திருந்தால் கெர்னலே அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. ஆகவே சொல் காணோம் என்றதும் "உங்கள் ப்ராசசர் பழையது" என்று எழுதிக் காட்டிவிடாதீர்கள். போன மாதம் வாங்கிய மடிக்கணினியைப் பார்த்து அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? கெர்னல் பதிவில் விஎம்எக்ஸை பயாஸ் அணைத்திருப்பதாக ஒரு வரி கிடக்கும். டிமெஸேஜ் கட்டளையின் வெளியீட்டில் அதைத் தேடினால் உண்மை தெரிந்துவிடும். உபுண்டுவில் சிபியு-செக்கர் என்ற பொதியை நிறுவினால் கேவிஎம்-ஓகே என்ற சின்னக் கட்டளை கிடைக்கும். கையால் சோதிப்பவர்களுக்கு அது போதும்.

ஸ்கிரிப்டில் செய்ய வேண்டியது இது. டெவ் கோப்புறையில் உள்ள கேவிஎம் கோப்பைப் படிக்கவும் எழுதவும் சேர்த்துத் திறந்து பாருங்கள். கோப்பே இல்லை என்று பதில் வந்தால் மாட்யூல் ஏறவில்லை, அல்லது பயாஸ் அணைத்திருக்கிறது, அல்லது கண்டெய்னருக்குள் இருக்கிறீர்கள். அனுமதி மறுப்பு என்று வந்தால் குழுப் பிரச்சினை. திறந்துவிட்டது என்றால் இன்னும் ஓர் அடி: ஏபிஐ பதிப்பைக் கேளுங்கள், 12 என்று வர வேண்டும். அப்புறம் வெற்று விஎம் ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். அங்கே "சாதனம் வேறு வேலையில் இருக்கிறது" என்ற பிழை வந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பைத்தானில் எழுதினால் இருபது வரிகூட ஆகாது.

இதில் ஒரு பொறி உண்டு. சில டிஸ்ட்ரோக்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு, குழுவில் பெயர் இல்லாவிட்டாலும் கேவிஎம் கோப்பைத் தற்காலிகமாகத் திறந்துவிடும். அதே ஆள் அதே கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக வந்தால் அனுமதி கிடைக்காது. "நேற்று ஓடியது, வீட்டிலிருந்து இணைந்தால் ஓடவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் சிபியுவைத் தேர்ந்தால் மெய்நிகராக்கம் இயங்குகிறதா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். அது "ஆம்" என்று சொன்னாலும், வசதி உங்கள் மென்பொருளுக்குக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), மெமரி இன்டெக்ரிட்டி (ஒரு பாதுகாப்பு அம்சம்) போன்றவை இயங்கும் கணினியில், விண்டோஸின் சொந்த விஎம் மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். க்யூஎமு அப்படிக் கேட்பதற்கு விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் என்ற அம்சத்தை இயக்கிவைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: மனிதருக்குப் புரியும்படி சொல்லுங்கள்

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 நிறுவும்போது பலர் பார்த்திருப்பார்கள்: விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் அம்சத்தை இயக்குங்கள், பயாஸிலும் மெய்நிகராக்கம் இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள் என்று ஒரே மூச்சில் ஒரு செய்தி வரும், பக்கத்தில் ஒரு பதினாறடிமான எண். எது காரணம் என்று சொல்லாமல் இரண்டு இடத்துக்கும் துரத்துகிறது. மாறாக விர்ச்சுவல்பாக்ஸின் செய்தி பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும், ப்ராசசரில் விடி-எக்ஸ் இல்லை என்பதற்கு ஒன்று, பயாஸில் அணைத்திருக்கிறது என்பதற்கு வேறொன்று என்று பிரித்துச் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நல்ல செய்தியில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எது கிடைக்கவில்லை, யார் எங்கே போய்ச் சரிசெய்யலாம், எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும். அனுமதிப் பிரச்சினைக்கு இப்படி எழுதலாம்:

"இந்தக் கணினியில் கேவிஎம் இருக்கிறது. ஆனால் உங்கள் பயனர் கணக்குக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. உங்கள் பெயரை கேவிஎம் குழுவில் சேர்த்துவிட்டு, லாகவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். அதுவரை விஎம் மிக மெதுவாகத்தான் ஓடும்."

லாகவுட் செய்யச் சொல்லும் அந்த அரை வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். குழுவில் சேர்த்த உடனே பழைய டெர்மினலிலேயே மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, இது வேலைக்காகாது என்று கைவிட்டவர்கள் ஏராளம்.

பயாஸ் செய்திக்குக் கொஞ்சம் அதிக அக்கறை வேண்டும். பயாஸ் திரை என்றாலே பலருக்கு நடுக்கம். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும்: டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1, தனியாக வாங்கிக் கோத்த டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் டிலீட். உள்ளே போனால் பெயரும் மாறும். இன்டெல் கணினியில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றோ விடி-எக்ஸ் என்றோ இருக்கும், மிகப் பழைய பலகைகளில் வேண்டர்பூல் என்றுகூட இருக்கும். ஏஎம்டி பலகைகளில் எஸ்விஎம் மோட் என்று தேட வேண்டும். ஏஎம்டி-வி என்று தேடினால் பல பலகைகளில் கிடைக்காது. திங்க்பேடில் இது செக்யூரிட்டி பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, ப்ராசசர் பக்கத்தில் தேடித்தேடி நேரம் போனதுதான் மிச்சம். மாற்றிச் சேமித்தபிறகு வெறும் ரீஸ்டார்ட் செய்யாமல் முழுதாக அணைத்து, சில நொடி விட்டு இயக்கச் சொல்லுங்கள். இன்டெலில் இந்த அமைப்பை பயாஸ் தொடக்கத்திலேயே எழுதிப் பூட்டிவிடுகிறது. சில கணினிகளில் மின்சாரம் முழுதாகப் போய்வந்தால்தான் பூட்டு விடுபடும்.

ஒரு பயிற்சி வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் இந்தச் செய்தியெல்லாம் அழகாக இருந்தது. வகுப்பன்று போய்ப் பார்த்தால் அங்கிருந்த எல்லாக் கணினிகளிலும் பயாஸில் அணைத்துவைத்து, பாஸ்வேர்டும் போட்டிருந்தார்கள். பாஸ்வேர்ட் தெரிந்தவர் அன்றைக்கு விடுப்பு. அதற்குப்பிறகுதான் "இது உங்கள் சொந்தக் கணினி இல்லையென்றால் அதை நிர்வகிப்பவரிடம் கேளுங்கள்" என்ற வரியைச் சேர்த்தேன். அன்றைய வகுப்பை எப்படி ஓட்டினோம் என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

விண்டோஸ் பயனருக்கு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிடுங்கள், விண்டோஸ் தொடங்கும்போதே ஹைப்பர்-வி வராதபடி நீக்கிவிடுங்கள் என்று சொல்லும் குறிப்புகள் நிறையப் புழங்குகின்றன. அதைச் செய்தால் உங்கள் விஎம் வேகமாகலாம். கூடவே அவருடைய பாதுகாப்பில் ஓர் அடுக்கு போகும், டபிள்யூஎஸ்எல் 2 நின்றுபோகும். என்ன இழப்பு என்று சொல்லாமல் இந்த யோசனையைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

நான்காம் படி: மறுப்பதா, மெதுவாக ஓட்டுவதா?

இங்கேதான் மென்பொருள்கள் கருத்து வேறுபடுகின்றன.

விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு காலத்தில் 32 பிட் கெஸ்ட்களை முடுக்கம் இல்லாமலும் ஓட்டியது. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது வசதி இல்லையென்றால் திறக்காது. எதிர்த் திசையில் மைக்ரோசாஃப்ட் நடந்ததும் உண்டு. 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த, பழைய எக்ஸ்பியை விஎம்மில் ஓட்டும் எக்ஸ்பி மோடுக்கு விடி-எக்ஸோ ஏஎம்டி-வியோ கட்டாயம் என்றார்கள். அப்போது விற்ற கணினிகள் பலவற்றில் அது கிடையாது. எந்தக் கணினியில் ஓடும், எதில் ஓடாது என்று வாங்குபவர்களுக்கு ஒரே குழப்பம். 2010 மார்ச்சில் ஒரு அப்டேட் விட்டு அந்த நிபந்தனையையே நீக்கினார்கள்.

லினக்ஸில் விஎம்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜர் நடுவழி. கேவிஎம் இல்லையென்றால் புதிய விஎம் உருவாக்கும் திரையிலேயே, பொதி நிறுவப்படாமலோ மாட்யூல் ஏறாமலோ இருக்கலாம், விஎம்கள் மெதுவாக ஓடக்கூடும் என்று எச்சரித்துவிட்டு, தொடர்வதை உங்களிடம் விடுகிறது. மேக்கில் யூடிஎம் இன்னும் நேர்த்தி: புதிய விஎம் என்றதுமே விர்ச்சுவலைஸ், எமுலேட் என்று இரண்டு பெரிய பொத்தான்கள், எது வேகம், எது மெதுவு என்று அவற்றின் கீழேயே எழுதியிருக்கும். பிழை வருவதற்கு முன்பே பயனர் தெரிந்து தேர்ந்துவிடுகிறார்.

என் தீர்ப்பு இது. கெஸ்ட் என்ன என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். ஃப்ரீடாஸ், ஆல்பைன் லினக்ஸ், பழைய 32 பிட் ஓஎஸ்கள் டிசிஜியில் சமாளித்துவிடும், எச்சரித்துவிட்டு ஓட்டலாம். விண்டோஸ் 10, க்னோம் டெஸ்க்டாப் உள்ள உபுண்டு போன்றவற்றை மறுத்துவிடுவதே மரியாதை; வேண்டுமென்றே ஓட்ட விரும்புகிறவருக்கு ஒரு விருப்பம் வைத்துவிடுங்கள். ஆளில்லாமல் ஓடும் தானியங்கிச் சோதனைகளில் கெஸ்ட் எதுவானாலும் ஒரே விதி: மெதுவாக ஓட்ட அனுமதி வெளிப்படையாகக் கொடுக்கப்படாவிட்டால் பிழையோடு நின்றுவிட வேண்டும். பத்து நிமிடச் சோதனை இரண்டு மணிநேரம் ஓடி நேர வரம்பில் செத்தால், அதன் பதிவைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது நரகம்.

க்யூஎமுவில் ஆக்செல் என்ற விருப்பத்தை இரண்டு முறை கொடுக்கலாம்: முதலில் கேவிஎம், அடுத்து டிசிஜி. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்கு இறங்கும். கேவிஎம் மட்டும் கொடுத்தால் இறங்காது, நின்றுவிடும். வசதியாக இருக்கிறதே என்று முதல் வடிவத்தை எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் படியில் நீங்களே சோதித்த முடிவை வைத்து, ஒன்றை மட்டும் கொடுப்பது தெளிவு.

வேகத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டைக் காக்கும் வேலி என்று க்யூஎமு திட்டத்தினர் உறுதிசொல்வது கேவிஎம் போன்ற வன்பொருள் வழிகளுக்கு மட்டும்தான். டிசிஜியை அவர்கள் பாதுகாப்பு எல்லையாகக் கருதுவதில்லை. சந்தேகத்துக்குரிய ஒரு கோப்பைத் திறந்து பார்க்கத்தான் உங்கள் விஎம் என்றால், சத்தமில்லாமல் டிசிஜிக்கு இறங்குவது பயனரின் காவலைச் சொல்லாமல் எடுத்துவிடுவதற்குச் சமம். அங்கே கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மெதுவாகத்தான் ஓடும் என்றால் அதற்கேற்ப மாற்றுங்கள்

வேக வழிக்காக எழுதிய அமைப்பை அப்படியே டிசிஜியில் போட்டால் பாதி இடத்தில் இடிக்கும். முதலில் இடிப்பது சிபியு மாடல். ஹோஸ்ட் என்ற மாடல் டிசிஜியில் செல்லாது. சரி, அந்த வரியை எடுத்துவிடலாம் என்று எடுத்தால் க்யூஎமு64 என்ற பழைய இயல்பு மாடல் வந்து உட்காரும். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9, சென்டோஸ் ஸ்ட்ரீம் 9 போன்றவை அதைவிடப் புதிய ப்ராசசரை, எக்ஸ்86-64-வி2 தரத்தை, எதிர்பார்க்கின்றன; தொடங்கும்போதே விழுந்துவிடும். பார்ப்பவர் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பார். மேக்ஸ் என்ற மாடலைக் கொடுங்கள், அது கேவிஎம், டிசிஜி இரண்டிலும் செல்லும். ரெட் ஹேட் 10 இன்னும் ஒரு படி மேலே வி3 கேட்கிறது. அதற்கு வேண்டிய ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதியின் ஆதரவு டிசிஜிக்கு 2022 டிசம்பரில் வந்த 7.2 பதிப்பில்தான் வந்தது, ஆகவே க்யூஎமு பழையதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். விஎம் திறந்துவிட்டதா என்று உங்கள் ஸ்கிரிப்ட் அறுபது நொடி காத்திருந்து பார்க்கிறது என்றால் டிசிஜியில் அதைப் பத்து மடங்காக்குங்கள். கெஸ்ட்டுக்குள்ளும் கடிகாரங்கள் ஓடுகின்றன. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி, ஒரு சேவை தொடங்க இயல்பாக 90 நொடிதான் பொறுக்கும். அதற்குள் வராவிட்டால் தோல்வி என்று எழுதிவிடும். கெர்னலும் சிபியு மாட்டிக்கொண்டதாகப் புலம்பும். அவை பழுதல்ல, தாமதம். முன்கூட்டியே உங்கள் இமேஜில் அந்த வரம்பைத் தளர்த்தி வையுங்கள்.

கிராஃபிக்ஸ் டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு டெக்ஸ்ட் திரையில் தொடங்குங்கள். விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ டிஸ்க்கும் நெட்வொர்க்கும் கேவிஎம்மைச் சார்ந்தவை அல்ல, அவற்றைக் கழற்றாதீர்கள். கேவிஎம்மில் எடுத்த ஸ்னாப்ஷாட் டிசிஜியில் திறக்கும் என்று நம்பாதீர்கள். அணைத்த நிலையில் உள்ள டிஸ்க் இமேஜ் இரண்டிலும் திறக்கும், அதையே நம்புங்கள்.

சில நேரம் விஎம்மே வேண்டியிருக்காது. லினக்ஸ் கட்டளை பழகத்தான் என்றால் விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 1 போதும், அதற்கு மெய்நிகராக்க வசதி தேவையில்லை. அந்தப் பயிற்சி வகுப்பில் அன்றைக்கு நாங்கள் டெஸ்க்டாப் இமேஜை ஓரம்கட்டிவிட்டு, டெக்ஸ்ட் திரை மட்டும் உள்ள ஆல்பைனை டிசிஜியில் ஓட்டினோம். ஷெல் கட்டளைகள் பழக அது தாராளமாகப் போதுமாக இருந்தது. மாணவர்களிடம் தொடக்கத்திலேயே இது மெதுவழி என்று சொல்லிவிட்டதால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆறாம் படி: எந்த வழியில் ஓடுகிறது என்று எப்போதும் காட்டுங்கள்

தொடங்கும்போது ஒருமுறை எச்சரித்தால் போதாது. மூன்று மணிநேரம் கழித்து "ஏன் இவ்வளவு இழுக்கிறது?" என்று யோசிக்கும்போது அந்த எச்சரிக்கை எங்கோ மேலே ஓடிப்போயிருக்கும். விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி வழியாக ஓட நேர்ந்தால் கீழ்ப் பட்டையில் ஒரு பச்சை ஆமையைக் காட்டும். இந்த விஷயத்தில் நான் பார்த்த ஆகச் சிறந்த இடைமுகம் அந்த ஆமைதான். படிக்கவே வேண்டாம், பார்த்தாலே புரிகிறது.

உங்கள் ஸ்கிரிப்டில் ஜன்னல் தலைப்பிலேயே "மெதுவழி" என்று சேர்த்துவிடுங்கள், க்யூஎமுவின் நேம் விருப்பத்தில் ஒரு சொல் கூட்டினால் ஆயிற்று. பதிவுக் கோப்பின் முதல் வரியிலும் எந்த வழி, ஏன் என்று எழுதிவையுங்கள். யாராவது பிழை என்று வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். சரிபார்க்க விரும்புபவருக்கு க்யூஎமு மானிட்டரில் இன்ஃபோ கேவிஎம் என்று தட்டினால் பதில் வரும். கெஸ்ட்டுக்குள்ளிருந்தே பார்க்க சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கட்டளை உண்டு: வேகவழி என்றால் கேவிஎம் என்றும், டிசிஜி என்றால் க்யூஎமு என்றும் சொல்லும்.

ஏழாம் படி: உங்கள் கணினியிலேயே வசதியைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள்

எழுதுபவரின் கணினியில் எல்லாம் இருக்கும், அதனாலேயே இந்தப் பிழைகள் அவர் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு கதையையும் செயற்கையாக உண்டாக்கிப் பாருங்கள். விஎம்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கேவிஎம்-இன்டெல் மாட்யூலைக் கழற்றினால் கோப்பு இல்லாத நிலை கிடைக்கும். கேவிஎம் குழுவில் சேராத புதுப் பயனர் ஒருவரை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்தால் அனுமதி மறுப்பு கிடைக்கும். கோப்பை எல்லோருக்கும் திறந்துவைக்கும் டிஸ்ட்ரோவாக இருந்தால் அதன் அனுமதியை நீங்களே தற்காலிகமாக இறுக்கிக்கொள்ள வேண்டும். டிவைஸ் கொடுக்காத டாக்கர் கண்டெய்னர் ஒன்று. ஏஆர்எம் இமேஜ் ஒன்று. கடைசியாக, சோம்பல்படாமல் ஒருமுறை பயாஸுக்குள் போய் நிஜமாகவே அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதிய வழிமுறையை நீங்களே பின்பற்றித் திரும்ப இயக்குங்கள். எந்த வரியில் தடுமாறினீர்களோ அந்த வரியைத் திருத்துங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் ஸ்கிரிப்ட் வெவ்வேறு வெளியேறும் எண்ணைத் தர வேண்டும் என்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள். உங்கள் ஸ்கிரிப்டை இன்னொரு ஸ்கிரிப்ட் கூப்பிடும்போது தமிழில் எழுதிய செய்தியை அது படிக்காது, எண்ணைத்தான் பார்க்கும்.